வலது பக்கத்து இறகுகள்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அப்படிப் போன சொல்லை ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுப்பது பல்லண்ணனின் வேலை. ஆனால் அவரிடம் மட்டும் சொல் எப்போதும் பஞ்சம்தான்.

எங்கள் பல் கிளினிக்கில் முன்னறையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவள் நான். வருகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், டாக்டரைப் பார்ப்பார்கள். பல்லண்ணனை யாரும் பார்த்ததில்லை. எக்ஸ்ரே மெஷினைத் தாண்டிப் பின்பக்கம், அவர் பொய்ப்பல் செய்கிற அறை. நீளமான மேசை, வளைகிற கழுத்துள்ள விளக்கு, மெழுகு உருக்கும் அடுப்பு, ஊசி முனை அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போகும் அரங்கள். சுவர்த் தட்டுகள் முழுக்க யார் யாருடைய வாயோ பிளாஸ்டரில் அச்சாகித் திறந்தபடி இருக்கும். அவற்றுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

வேலையில் புலி. பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டு என்பார்கள், அவர் அதற்கும் இடையில் நாலு வெள்ளை பார்ப்பார். எல்லாப் பல்லையும் வரிசையாக, பளபளவென்று செய்துவிட மாட்டார். ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைப்பார், ஒன்றின் ஓரத்தைத் துளி தேய்த்துவிடுவார். "அப்பதான் நிஜம்" என்பார். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது.

அண்ணி அதற்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவர். எந்த வண்டி எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கிடைத்திருக்கிறது என்று நாளெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து முகம் தெரியாத ஆயிரம் பேரோடு பேசிவிட்டு வீட்டுக்குப் போனால், முகம் தெரிந்த ஒரே ஆள் பேசுவதில்லை. அந்தக் குறையை அடிக்கடி என்னிடம் வந்து கொட்டுவார். இந்தக் கதையில் பாதி எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பெரிய பெரிய மரங்கள் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஊரிலுள்ள பச்சைக்கிளிகள் அத்தனையும் அங்கேதான் அடையும். நாலு பக்கத்திலிருந்தும் அம்பு விட்ட மாதிரி கூட்டங்கூட்டமாக வந்து, இலைக்குள் மறைந்து, இடத்துக்குச் சண்டை போடும். அந்தக் கீச்சுச் சத்தத்தில் மைக் தோற்றுவிடும். வண்டியைத் தவறவிட்டவர்கள் அண்ணியிடம் சண்டைக்கு வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் சட்டையில் எச்சம் விழும், அதற்கும் அண்ணியிடமே வருவார்கள். கிளைகளையாவது வெட்டுங்கள் என்று நிலைய மேலாளரிடம் அண்ணி பலமுறை சொல்லியிருந்தார். அவர் ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்மா" என்று சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவரின் வீட்டு பால்கனியில்தான் அது வந்து விழுந்தது.

அன்று அண்ணிக்கு விடுமுறை. துணி காயப்போடப் போனவர் காக்கைக் கூட்டத்தைப் பார்த்தார். வாளிக்குப் பின்னால் பச்சையாக ஒன்று ஒடுங்கிக்கொண்டிருக்க, காக்கைகள் அதன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கையிலிருந்த துண்டை அதன் மேல் போட்டு அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். துண்டைத் தாண்டி ஒரு கடி. விரலில் ரத்தம். ஆனாலும் விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணன், கவிழ்த்து வைத்த துணிக்கூடைக்குள் இருந்த விருந்தாளியைக் குனிந்து பார்த்தார். உடம்பெல்லாம் இலைப்பச்சை, வயிற்றுப் பக்கம் மட்டும் மஞ்சள் கலந்த பச்சை. வளைந்த சிவப்பு அலகு. அலகுக்குக் கீழிருந்து கன்னம் வரை மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அது பிடரிக்குப் போகும்போது ரோஜா நிறமாகி, கழுத்தைச் சுற்றிய ஆரமாக முடிந்தது. அதற்கு மேல் லேசான நீலச் சாயல். வால் மட்டும் உடம்பளவு நீளம். வெளிறிய கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு மெல்லிய வளையம்.

"தொரை மாதிரி இருக்காரு பாருங்க" என்றார் அண்ணி. பெயர் அதுவே ஆகிவிட்டது.

அண்ணன் கழுத்தைப் பார்க்கவில்லை. இறக்கையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நீளமான இறகுகள் பாதியில் நேர்கோடாக நின்றுபோயிருந்தன.

"இது தானா உடைஞ்சதில்ல. யாரோ கத்தரிக்கோலால வெட்டியிருக்காங்க."

அண்ணி மறுநாள் என்னிடம் சொன்ன முதல் செய்தி கிளி வந்தது அல்ல. "உங்க அண்ணன் நேத்து ரெண்டு வாக்கியம் பேசினாரு" என்பதுதான்.

எங்கள் கிளினிக்குக்கு மேல்மாடியில் விலங்கு மருத்துவர் ஒரு அம்மா இருக்கிறார். தொரையைக் கூடையோடு அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். வரவேற்பறையில் இரண்டு பூனைகள் ஊசிக்குக் காத்திருந்தன. "கிளியை வளர்த்துப் பூனை கையில குடுத்த கதையால்ல இருக்கு" என்று அண்ணி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா இறக்கையை விரித்துப் பார்த்தார். மார்பில் வலைச்சரடு இழுத்த காயம் இருந்தது.

"ஆண். கழுத்துல ஆரம் வந்திருக்கு, அப்போ மூணு வயசாவது ஆகியிருக்கணும். பெண்ணுக்கு ஆரம் கிடையாது. சின்னதுல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், எது ஆண் எது பெண்ணுன்னு சொல்லவே முடியாது."

"ஆம்பளைக்குத்தான் நெக்லஸா! நல்ல ஜாதி" என்றார் அண்ணி. "பேசுமா டாக்டர்?"

"குஞ்சுலேர்ந்து வளர்த்தா ஒருவேளை பேசியிருக்கும். இது வெளியில வளர்ந்த பறவை. யாரோ வலை போட்டுப் பிடிச்சு, விக்கறதுக்காக வெட்டியிருக்காங்க, தப்பிச்சிருக்கு. வீட்டுல வச்சுக்கச் சட்டமும் விடாதும்மா. ஆனா இப்படியே வெளியே விட்டா காக்கா ஒரு நாள்கூட விட்டுவைக்காது."

"முடி மாதிரி வளர்ந்துடாதா?"

"வெட்டின இறகு நகம் மாதிரி உயிரில்லாதது, நீளாது. அது விழுந்து புதுசா முளைக்கணும். குஞ்சு பொரிச்சு வளர்த்து முடிஞ்சப்புறம்தான் ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிக்கும், எல்லாம் மாற மாசக்கணக்கா ஆகும். இப்ப இவங்க ஜோடி சேர்ற காலம்."

இன்னொரு வழியும் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இறகின் தண்டு உள்ளே குழாயாக இருக்கும். செத்த கிளியின் இறகை எடுத்து, ஒரு மெல்லிய குச்சியால் இரண்டு தண்டையும் கோத்து ஒட்டிவிடலாம். புது இறகு வரும்போது ஒட்டினது தானாக உதிர்ந்துவிடும். படித்திருக்கிறார், ஒருமுறை கூட இருந்து பார்த்தும் இருக்கிறார். "ஆனா அவ்வளவு நுணுக்கமா என்னால தனியா செய்ய முடியாது. எல்லாம் ஒரே கோணத்துல உட்காரணும்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "டாக்டர், பழைய இறகு ஒண்ணு இருந்தா குடுங்க. பாத்துட்டுத் தரேன்."

அன்றிலிருந்து பல் செட்டுகளுக்கு நடுவே இறகுகளும் மேசைக்கு வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் புறா இறகுகளை வெட்டி வெட்டி ஒட்டிப் பழகினார். மூங்கிலைச் சீவி, அரத்தில் தேய்த்து, தண்டுக்குள் ஆடாமல் நுழைகிற அளவுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் டீ கொண்டு போனபோது என்னை நிறுத்தினார். நிறுத்தினார் என்பதே பெரிய விஷயம்.

"இங்க பாரும்மா." கிளியின் இறகை விளக்குக்கு முன்னால் பிடித்தார். பச்சை. அதையே விளக்கு பின்னால் இருக்கும்படி மாற்றிப் பிடித்தார். பச்சையைக் காணோம், மங்கிய பழுப்பு. "இதுல பச்சைச் சாயமே இல்லையாம். மஞ்சள் மட்டும்தான் சாயம். நீலம் வெளிச்சம் படற விதத்துல வருது. ரெண்டும் சேர்ந்து நமக்குப் பச்சை. டாக்டரம்மா சொன்னாங்க."

இத்தனை வருஷம் வெள்ளையிலேயே கிடந்தவர். அன்று சாயங்காலம் வரை அந்த இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சம்பந்தப்பட்ட அதிகாரிக்குத் தகவல் சொல்லி, சரியாகும்வரை பறவை இவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். அண்ணிக்கு அது கொண்டாட்டம். கொய்யாத் துண்டு, வேர்க்கடலை, பச்சை மிளகாய் என்று தொரைக்கு உபசாரம் நடந்தது. மிளகாயை ஒற்றைக் காலில் பிடித்துக் கடித்து விதையைத் துழாவித் தின்னும். "காரமே தெரியாதாம், பறவைங்க நாக்குக்கு அது உறைக்காதாம்" என்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னாராம். மறுநாள் இன்னொன்று: காலில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், குறடு மாதிரி. அதற்கடுத்த நாள் அவரே உற்சாகமாகி, தொரையின் முன்னால் போய் உட்கார்ந்து, அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும். இதுக்கு மேல் அலகும் அசையுது பாரு! கீல் வச்ச மாதிரி. அலகு தேயத் தேய வளர்ந்துகிட்டே இருக்குமாம். பல்லு தேய்ஞ்சுபோச்சுன்னு யார்கிட்டயும் போக வேண்டாம்."

"அப்ப உங்க பிழைப்பு?"

"கிளி ஊருல எனக்கு வேலை கிடையாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் "இன்னிக்கு என்ன சேதி?" என்று அண்ணி கேட்பதும், அவர் ஒன்று சொல்வதும் வழக்கமாயிற்று. மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ முட்டையிடும். கூடெல்லாம் கட்டாது, இருக்கிற மரத்தூள் மேலேயே வெள்ளை முட்டைகள். பெண் அடைகாக்க, ஆண் வெளியே போய்த் தின்றுவிட்டு வந்து அதைக் கக்கி ஊட்டும். ஜோடியில் அதிகாரம் பெண்ணுடையது. நெருங்குவதற்கு முன் அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் ஆண் ஒரு அடி எடுத்து வைக்கும்.

"இதைத் தினம் ஒரு தடவை சொல்லுங்க" என்றாராம் அண்ணி.

தொரையைப் பேச வைக்கவும் அவர் விடாமல் முயன்றார். தன் மைக் குரலில் "வணக்கம்" என்பார். "பயணிகள் கவனத்திற்கு" என்பார். அது தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரு கீச்சுப் போட்டுத் திரும்பிக்கொள்ளும். "இலவு காத்த கிளின்னு சொல்வாங்க. இங்க கிளி இல்ல, நான்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இதற்குள் மின்கம்பியில் அடிபட்டுச் செத்த கிளி ஒன்று மேல்மாடிக்கு வந்தது. இடது இறக்கை முழுசாக இருந்தது. வலது கருகியிருந்தது. அண்ணன் இடது பக்கத்து இறகுகளை ஒவ்வொன்றாக அளந்து, மூங்கில் கோத்து, வரிசை மாறாமல் பல் வைக்கும் தட்டில் அடுக்கி வைத்தார். வலதுக்கு ஒன்றுமில்லை. இடதை வலதில் வைக்க முடியாது. இறகின் ஒரு ஓரம் குறுகல், மறு ஓரம் அகலம். செருப்பை மாற்றிப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டினால் சாய்ந்து விழும்.

"கிடைக்கலன்னா விடுங்களேன்" என்றார் அண்ணி. "இங்க என்ன குறை அதுக்கு?"

அண்ணன் குனிந்து தொரையின் வலது இறக்கையைப் பார்த்தார். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு பூச்செடி வாங்கிக் குடுத்ததில்ல நீங்க. தானா வந்த ஒண்ணையும் துரத்தப் பாக்கறீங்க."

"அது நம்மகிட்ட வரல. விழுந்தது."

சில நாட்கள் வீடு பழையபடி ஆனது. சேதி கிடையாது, சிரிப்பு கிடையாது.

அந்த நாட்களில்தான் அண்ணி அந்தச் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். காலையில் கிளிக்கூட்டங்கள் வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டே பறந்து போகும். பால்கனிக் கதவு சாத்தியிருந்தாலும் தொரைக்குக் கேட்கும். அறைக்குள் திறந்துவிட்டிருந்தால் அலமாரி உச்சிக்கு அலகாலும் காலாலும் தொற்றி ஏறி, ஒரு கூவல் போட்டு, வெட்டுண்ட இறக்கைகளை விரித்துக் குதிக்கும். தொப்பென்று தரையில் விழும். எழுந்து மறுபடியும் ஏறும். கூட்டத்தின் சத்தம் தேயும்வரை இதே வேலை.

"நேத்து விழுந்தோமே, இன்னிக்கும் விழுவோம்னு அதுக்குத் தெரியாதா?" என்று அண்ணி என்னிடம் கேட்டார். "அடுப்படியில நிக்கறேன், தொப்புங்குது. குளிக்கறேன், தொப்புங்குது. என் காதுக்குள்ளேயே விழுது."

பிறகு ஒரு பெரிய காற்றுமழை அடித்தது. பேருந்து நிலையத்தில் ஒரு மரத்தின் கிளை முறிந்து விழுந்தது. மறுநாள் காலை நான் கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தபோது அண்ணி வாசலில் நின்றார். தலையெல்லாம் நனைந்து, கையில் செய்தித்தாள் பொட்டலம். நேராகப் பின்னறைக்குப் போனார். என்னவோ ஏதோ என்று நானும் போனேன்.

பொட்டலத்தை மேசையில், பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவே வைத்துப் பிரித்தார். செத்த கிளி. கழுத்தில் ஆரமில்லை, பெண். ஈரத்தில் பச்சை கறுத்திருந்தது.

"கிளைக்கடியில கிடந்துச்சு. பெருக்கற அம்மா குப்பையில போடப் போனாங்க, நான் வாங்கிட்டு வந்தேன்." அண்ணனைப் பார்க்காமல் சொன்னார். "வலது பக்கம்தானே வேணும் உங்களுக்கு? நல்லா இருக்கான்னு பாருங்க."

அண்ணன் இறக்கையை மெல்ல விரித்தார். ஒவ்வொரு இறகாகத் தடவிப் பார்த்தார். "எல்லாம் இருக்கு" என்றார். பிறகு எழுந்து, தான் துடைத்துக்கொள்ளும் துண்டை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "தலையைத் துவட்டு. சளி பிடிக்கும்."

அண்ணி துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். துவட்ட அவ்வளவு நேரம் ஆகாது என்று நினைத்துக்கொண்டே நான் முன்னறைக்கு வந்துவிட்டேன்.

ஒட்டும் வேலை மேல்மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. டாக்டரம்மா மயக்க மருந்தைக் கவனித்துக்கொள்ள, அண்ணன் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு இறகுக்கும் கீழே காகிதத் துண்டு, பசை அடுத்ததில் படாமலிருக்க. தண்டை இறக்கு, திருப்பு, பக்கத்து இறகோடு கோணம் சரிபார், ஒரு சொட்டுப் பசை. நான் விளக்குப் பிடித்தேன். அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் போல ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றார்.

முடிந்ததும் இறக்கையை விரித்துப் பார்த்தோம். வெட்டின இடம் தெரியவில்லை. வலது ஓரத்து இறகு ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் தூக்கலாக நின்றது. நான் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

மயக்கம் தெளிந்த தொரை செய்த முதல் காரியம், அவருடைய கட்டைவிரலைக் கவ்வியது. சதை கிழிந்துவிட்டது. "வேலைக்கு வந்த நாளா எத்தனையோ வாயைப் பாத்திருக்கேன்" என்றார் விரலைப் பிடித்துக்கொண்டு, "பல்லே இல்லாத வாய்கிட்ட கடி வாங்கறது இதான் முதல் தடவை." டாக்டரம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்.

மாடி நடையின் ஒரு முனையில் வலை கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தோம். முதலில் மூச்சு வாங்கியது, பாதியில் இறங்கியது. சில நாட்களில் முனைக்கு முனை போய், திரும்பும் இடத்தில் வாலை விசிறிபோல விரித்து வளைந்து வந்தது. போதும் என்றார் டாக்டரம்மா.

விட்ட இடம் பேருந்து நிலையம். அடைகிற மரங்களிலிருந்து கூட்டம் கிளம்பும் விடியற்காலை. அண்ணன் கூடையைப் பிடித்துக்கொள்ள, அண்ணிதான் மூடியைத் திறந்தார். தொரை கூடை விளிம்பில் ஏறி நின்றது. மேலே ஒரு கூட்டம் கத்திக்கொண்டு போயிற்று. அது ஒரு கூவல் போட்டுக் கிளம்பியது. விழவில்லை. நிழற்கூரைக்கு மேலே ஏறி, முதல் வண்டியின் தலைக்கு மேல் திரும்பி, கூட்டத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எது தொரை, எது மற்றவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"திரும்பிக்கூடப் பாக்கல" என்றார் அண்ணி.

"பாத்திருந்தா தூண்ல இடிச்சிருக்கும்" என்றார் அண்ணன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இறகு உதிரும் மாதங்களில், பெருக்குகிற அம்மா மரத்தடியில் கூட்டிய இறகுகளைப் பை நிறையக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுப்பார். அண்ணன் ஒவ்வொன்றின் தண்டையும் விளக்கில் பிடித்துப் பார்ப்பார், தன் மூங்கில் குச்சி தெரிகிறதா என்று. கிடைக்கவில்லை. வேறெங்கோ உதிர்ந்திருக்கலாம். உதிரும்வரை அது உயிரோடு இல்லாமலும் போயிருக்கலாம். இரண்டையும் அண்ணன் ஒரே குரலில்தான் சொன்னார். "வேற இடம்தான்" என்று அண்ணி முடித்துவிட்டார்.

கிளைகளை வெட்டச் சொல்லி அண்ணி இப்போது கேட்பதில்லை. அதற்குப் பதில் ஒரு வேலை செய்திருக்கிறார். கிளிகள் வந்து சேர்வதற்கு முன்பே மாலை வண்டிகளுக்கான அறிவிப்புகளை இரண்டிரண்டு முறை சொல்லிவிடுகிறார். சத்தம் தொடங்கியதும் மைக்கை அணைத்துவிட்டு, நடைமேடைப் பலகையில் எண்களை மட்டும் மாற்றுகிறார். புகார்கள் குறைந்துவிட்டன. மேலாளர் அதைத் தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

மேல்மாடியிலிருந்து இன்னும் நான்கு கிளிகள் அண்ணனின் மேசைக்கு வந்துபோயின. ஒன்று பிழைக்கவில்லை. கிளினிக் முடிந்ததும் அவர் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய், எச்சம் விழாத இடமாகப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். அண்ணிக்கு வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். போன வாரம் நானும் அந்த வழியாக வந்ததால் பாதி தூரம் கூட நடந்தேன். அண்ணிதான் பேசிக்கொண்டு வந்தார். கடைத்தெரு முனையில் அண்ணன் நின்று, ஒரு பழைய கட்டடத்தின் மேல்சுவரைக் காட்டினார். குழாய் பிடுங்கிய ஓட்டையிலிருந்து ஒரு பெண்கிளி தலையை மட்டும் நீட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முட்டை வச்சிருக்கும்" என்றார் அண்ணன். "அவன் தீனி எடுத்துட்டு வரணும், அதுக்காகப் பாக்குது."

"லேட்டா வரட்டும், இருக்கு அவனுக்கு" என்றார் அண்ணி. இருவரும் அங்கேயே நின்றுகொண்டார்கள். எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது, சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.